மில்லுக்குள் இருந்த லிங்கன் நகரம்

சூடேறிய டீசலும் புதுத் தவிடும் கலந்த ஒரு வாசனை உண்டு. அது எந்த ஊரில் மூக்கில் ஏறினாலும் எனக்கு உடம்பு கதகதப்பாகிவிடும். எழுபதுகளின் நடுவில், உத்திரமேரூருக்கு வெளியே ஏரிக்கரையை ஒட்டியிருந்த நெல் மில்லில், நெல் அவித்துக் களத்தில் காயவைக்கும் வேலையில் என் அம்மா இருந்தாள். ஆடி மாதம் கல்லுடைக்கப் போன அப்பா திரும்பி வரவில்லை. அம்மா அப்போது வயிற்றுப்பிள்ளைக்காரி. பள்ளிக்கூடம் போன நாட்களைவிட அவளோடு களத்தில் கிடந்த நாட்களே எனக்கு அதிகம்.

அந்த மில்லின் இரும்பெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு. ஒவ்வொன்றின் உடம்பிலும் அது பிறந்த ஊரின் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் புடைத்து நிற்கும். எழுத்து இடுக்கில் படிந்த தவிட்டை விரலால் வழித்துவிட்டு, இருக்கிற படிப்பை வைத்து எழுத்துக் கூட்டி வாசிப்பேன். மூட்டை நிறுக்கும் தராசு பர்மிங்ஹாம். கூரைக்கடியில் பெல்ட்டுகளைச் சுழற்றிய நீண்ட தண்டு கிளாஸ்கோ. தண்ணீர் பம்பு லீட்ஸ். ஆளுயரச் சக்கரத்தோடு தனி அறையில் நின்று இத்தனையையும் ஓட்டிய எஞ்சின் லிங்கன். நான் வாசித்துச் சொன்னதும் களத்துப் பெண்கள் அந்தப் பெயர்களையே பிடித்துக்கொண்டார்கள். “கிளாஸ்கோ கத்திக்கினு கீது, கொஞ்சம் எண்ணெ காட்டு பாய்” என்று எஞ்சின்காரரிடம் சொல்வார்கள். தராசுக்காரர் கறாராக நிறுத்தால் “பர்மிங்ஹாம் யார் மூஞ்சியும் பாக்காது” என்று சிரிப்பார்கள்.

எந்த ஊரில் குடியிருக்கலாம் என்று கேட்டால் லிங்கனைத் தவிர வேறு ஊரை யாரும் சொல்ல மாட்டார்கள். எஞ்சினைக் குளிரவைத்துவிட்டு வரும் தண்ணீர், கொதிக்கக் கொதிக்கப் பின்பக்கத்து சிமெண்டுத் தொட்டியில் விழும். நெல்லின் “சொணை” உடம்பெல்லாம் அரிக்க, வேலை முடிந்த பெண்கள் அந்த வெந்நீரை மொண்டு ஊற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார்கள். எஞ்சின் ஓட்டிய காதர் பாய் மட்டும், லிங்கன்காரன் உங்களுக்குச் சோப்பும் சேர்த்து அனுப்பியிருக்கலாம் என்று கேலி செய்வார்.

அந்த வருஷம் கார்த்திகையில் மழை விடாமல் அடித்தது. எங்கள் குடிசையின் மண்சுவர் ஒரு பக்கமாக உட்கார்ந்த அன்றே, நாள் வருவதற்குள் அம்மாவுக்கு வலி வந்து தங்கச்சி பிறந்துவிட்டாள். முழங்கை நீளம்கூட இல்லை. அழவில்லை; முனகினாள். தொட்டால் மீனைத் தொட்டது போலச் சில்லென்று இருந்தது. ஏரி நிரம்பிக் கலங்கல் தண்ணீர் ரோட்டின் மேல் ஓடியதால் ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் இல்லை. பிரசவம் பார்த்த முனியம்மா அக்கா, அம்மாவோடு களத்தில் வேலை செய்தவள். சூடு கொடுக்காவிட்டால் பிள்ளை தங்காது என்று சொல்லிவிட்டு, சூட்டுக்கு எங்கே போவது என்று எங்கள் அடுப்பைப் பார்த்தாள். அதில் தண்ணீர் நின்றது. விறகும் நனைந்திருந்தது. மில்லில் மலையாகக் கிடந்த உமியும் நனைந்து போயிருந்தது. அதைக் கொளுத்தினால் புகைதான் மிஞ்சும்.

பெண்கள் நாலு பேர் அம்மாவைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு மில்லின் எஞ்சின் அறைக்குப் போனார்கள். நான் தங்கச்சியைச் சுற்றியிருந்த துணிக்கு மேல் கோணிப்பையைப் பிடித்துக்கொண்டே போனேன். மழைக்கு நெல் காயாததால் எஞ்சின் நின்றுபோயிருந்தது. காதர் பாய் பிள்ளையைப் பார்த்தார். போய்ச் சக்கரத்தைப் பிடித்துச் சுழற்றினார். அறை சூடாகச் சூடாக, தொட்டித் தண்ணீரைக் காலி பாட்டில்களில் பிடித்து, துணி சுற்றி, பிள்ளையின் இரண்டு பக்கமும் வைத்தார்கள். ஆறியதை ஊற்றிவிட்டு மறுபடி பிடித்து வருவது என் வேலை.

முதலாளியின் டீசலை எரித்து வெறும் எஞ்சினை ஓட்டுவது காதர் பாய்க்கு வேலை போகிற காரியம். சத்தம் ஊருக்குள் கேட்டுவிட்டது. முதலாளி குடை பிடித்துக்கொண்டு, வேட்டியை மடித்துக்கட்டிச் சேற்றில் வந்தார். எஞ்சின் அறைக்கு வெளியே நின்று, “யார் வூட்டு நெல்லு பாய் அரையுது?” என்றார்.

“நெல்லு இல்ல மொதலாளி. கொயந்தை காயுது.”

பெண்கள் எழுந்து நின்றார்கள். முதலாளி உள்ளே வந்து குனிந்து பார்த்தார். எஞ்சின் சத்தத்தில் யார் மூச்சு விட்டாலும் கேட்காது. ஆனாலும் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. “வெறுமனே ஓட்டினா எஞ்சின் பேஜாராப் பூடும்” என்றவர் மழையிலேயே திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் அவர் வீட்டுச் சாப்பாட்டு நெல் மூட்டைகள் வண்டியில் வந்து இறங்கின. லிங்கன் அரைக்க ஆரம்பித்தது. அரைத்து முடிந்தபோது இன்னும் மூட்டைகள் வந்தன. மழை விடும்வரை எஞ்சின் நிற்கவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் தங்கச்சி, கிளாஸ்கோவையும் மீறிக் கத்தி அழுதாள்.

எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. மீசை முளைப்பதற்குள் ஊரை விட்டுப் போய், பம்பாய், துபாய், கப்பல் சமையற்கட்டு என்று சுற்றி, லண்டனில் ஓர் ஓட்டலில் சில வருஷம் பாத்திரம் கழுவினேன். விடுமுறை நாட்களில் கையில் இருக்கிற காசுக்கு ரயிலேறிவிடுவேன். இங்கிலாந்தில் எந்த ஊர் நல்ல ஊர் என்று இங்கே பலர் கேட்கிறார்கள். கூழாங்கல்லால் கடற்கரை போட்ட பிரைட்டனைப் பார்க்கலாம். ஸ்காட்லாந்துப் பக்கம் போனால், கருங்கல் மலைமேல் கோட்டை வைத்த எடின்பரோவைப் பார்க்கலாம். கறிவேப்பிலை வேண்டுமென்றால் லெஸ்டரில் இருக்கலாம். குடியிருக்க லிங்கன் என்பேன். அங்கே நான் இருந்தது அரைநாள்தான். மேட்டின் மேல் ஒரு பெரிய மாதா கோயில், அதற்கு ஏறும் செங்குத்தான தெரு, காதை அறுக்கிற காற்று. எஞ்சின் வார்த்த இடம் எது என்று கேட்க எனக்கு ஆங்கிலமும் போதவில்லை, குளிரில் வாயும் அசையவில்லை. ஒரு சுவரில் கை வைத்துக்கொண்டு சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

மில் இருந்த இடத்தில் இப்போது வீட்டு மனைகள். எஞ்சினை வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள்; காதர் பாயும் முதலாளியும் இல்லை, அம்மாவும் இல்லை. தங்கச்சி வாலாஜாபாத்தில் பேரன் எடுத்துவிட்டாள். திரும்பி வந்த என்னிடம் அவள் முதலில் கேட்டது அந்த ஊரைப் பற்றித்தான்.

“லிங்கன்ல இன்னா கீது?”

“ஒண்ணும் இல்ல. ஒரே குளிரு.”

பேரனை மடியில் இழுத்து, புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டே சொன்னாள்:

“இருந்த சூட்டையெல்லாம் நமக்கு அனுப்பிட்டாங்க போல கீது.”