இரண்டு பேர் எழுந்து நின்றோம்

எழுபதுகளின் தொடக்கம். நான் போர்ட் பிளேரில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு என் பேத்தியிடம் சொன்னால் சிரிக்கிறாள். ஆனால் அந்தமானில் லாங் ஐலண்ட் என்கிற சின்னத் தீவில் வளர்ந்தவளுக்கு போர்ட் பிளேர்தான் பட்டணம். அபர்தீன் பஜாரில் சேர்ந்தாற்போல நாலு பஸ் நின்றால் எனக்குத் தலை சுற்றும்.

ஒரு வாடகை வீட்டை எங்களுக்கு ஹாஸ்டலாக்கி வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் வார்டனிடம் கெஞ்சிக் கூத்தாடி மேட்னி ஷோவுக்குக் கிளம்பிவிடுவோம். வேறு போக்கிடம் ஏது? அந்தப் படமும் மெயின்லேண்ட் கப்பல் வந்தால்தான் மாறும். கப்பல் வரவில்லையா, பார்த்த படத்தையே பார்க்க வேண்டியதுதான். கதாநாயகி வாயைத் திறக்கும் முன்னே நாங்கள் வசனத்தைச் சொல்லிவிடுவோம். பின்னால் இருக்கிறவர்கள் ஹிந்தியில் திட்டுவார்கள். அதுவும் சேர்த்துத்தான் எங்களுக்குப் பொழுதுபோக்கு.

என்னோடு ஒட்டிக்கொண்டே திரிவாள் ஒருத்தி. அவளும் லாங் ஐலண்ட், அவளும் தமிழ்ப் பெண். அவர்கள் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர்கள், கிறிஸ்தவர்கள். நாங்கள் ராமநாதபுரம். அவள் அப்பா, வெட்டின மரங்களைக் கட்டிக் கடலில் இழுத்துப்போகும் லாஞ்சில் டிரைவர். என் அப்பா மர டிப்போவில் கட்டைகளை அளந்து நம்பர் போடுகிறவர். இரண்டு பேருக்கும் பொழுது விடிந்தால் மரத்தோடுதான் பாடு.

அன்றைக்குப் படம் பாதி ஓடியிருக்கும். திரையில் படத்துக்கு மேலேயே ஒரு ஸ்லைடு போட்டார்கள். அந்தக் காலத்தில் அது சகஜம். அவசரம் என்றால் தியேட்டரில்தான் ஆளைத் தேடுவார்கள், கண்ணாடித் துண்டில் கிறுக்கித் திரையில் காட்டிக் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் ஏதாவது ஜீப் டிரைவரைத்தான் கூப்பிடுவார்கள், நாங்கள் கைதட்டி அனுப்பிவைப்போம். அன்றைக்கும் கைதட்டத்தான் கையைத் தூக்கினேன். லாங் ஐலண்ட் காலேஜ் பெண் உடனே வெளியே வரவும் என்று ஹிந்தியில் கோணல்மாணலாக எழுதியிருந்தது. தூக்கின கை அப்படியே நின்றுவிட்டது. இரண்டு பேரும் ஒன்றாக எழுந்தோம்.

வெளியே ஆஸ்பத்திரி பியூன் ஒருவர் சைக்கிளோடு நின்றிருந்தார். லாங் ஐலண்ட்வாலா லட்கி யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். அவளும் நான்தான் என்றாள். மனிதர் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"தோ ஹை க்யா?" என்றார். இரண்டு பேரா என்று.

விஷயம் இதுதான். காட்டு வேலைக்கு வந்த ராஞ்சி ஆட்கள் லாங் ஐலண்டிலிருந்து ஒரு போட்டில் ஒருத்தரைக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். கால் மேல் மரம் உருண்டுவிட்டது. நிறைய ரத்தம் போயிருக்கிறது, பிழைப்பாரா என்று டாக்டருக்கே தெரியவில்லை. பெயர் கேட்டதற்கு மதராசி பாபு என்றார்களாம். அந்தமானில் அப்போது தமிழன் எல்லாருமே மதராசிதான், அதுவே பெயர், அதுவே விலாசம். மகள் காலேஜில் படிக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போட்டைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். அடிபட்டவருக்கோ நினைவு இல்லை.

நடக்க ஆரம்பித்தோம். பழைய ஜெயில் பக்கம் ஏறுகிற மேட்டு ரோடு. ஆள் உயரமா என்று நான் கேட்டேன். படுத்திருக்கிறவரின் உயரம் எப்படித் தெரியும் என்றார் பியூன். மீசை இருக்கிறதா? கவனிக்கவில்லை. என்ன உடுப்பு? காக்கி அரை நிஜார். எங்கள் இரண்டு அப்பாக்களுக்கும் அதுதான் உடுப்பு. கழுத்தில் சிலுவை இருந்ததா என்று அவள் கேட்டாள். இருந்ததென்று சொல்லிவிடக் கூடாதா என்று பியூன் வாயையே பார்த்தேன். தெரியாது மகளே, நான் வாசலில் நிற்கிற ஆள் என்றார்.

தியேட்டரிலிருந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் கிளம்பினேன். எந்த இடத்தில் விட்டோமோ தெரியாது, அவள் ரோட்டுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். முருகா, எங்கப்பாவா இருக்கக் கூடாது, எங்கப்பாவா இருக்கக் கூடாது என்று எனக்குள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் பார்த்தால் அவள் உதடும் அசைகிறது. மாதாவே என்கிறது மட்டும் காதில் விழுந்தது. அப்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. இரண்டு வேண்டுதலும் பலிக்க வழியே இல்லை. நான் கேட்கிறது கிடைத்தால் அவள் அப்பா அந்தக் கட்டிலில் கிடப்பார். சின்ன வயசில் என்னைத் தோளில் தூக்கி லாஞ்சில் ஏற்றிவிட்ட மனிதர் அவர். அது தெரிந்தும் வேண்டுதலை நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் அவள் வேண்டுதல் முந்திக்கொள்ளுமோ என்று பயம். சாமி சந்நிதியில் முண்டியடிக்கிற மாதிரி ஆகிவிட்டது என் புத்தி.

வார்டு வாசலில் மலையாள நர்ஸ் நிறுத்தினார். ஆபரேஷனுக்குத் தயார் செய்கிறார்கள், ஒருத்தர் மட்டும் வந்து ஆளைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏட்டி, நீ இரு, நான் போயிப் பாக்கேன்" என்று உள்ளே போனாள்.

எவ்வளவு நேரமோ. கதவைத் திறந்து வெளியே வந்தவள் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். பெரிய சிரிப்பில்லை, அவளை அறியாமல் உதட்டில் வந்துவிட்டது. உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் வாய் திறந்து சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

கோபம் வந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். இவளிடம் இனி முகம் கொடுத்துப் பேசவே கூடாது என்று நினைத்தேன். ஆனால் அவள் என்னை நினைக்க விடவில்லை. உங்கப்பாவுக்கு உசுரு இருக்கு புள்ள, மூச்சு நல்லா ஓடுது, நான் பாத்தேன் என்று சொல்லிக்கொண்டே என்னை இழுத்து உட்காரவைத்தாள். உள்ளே ஆபரேஷன் முடிகிற வரைக்கும் என் தலை அவள் மடியில்தான் கிடந்தது. அப்பாவுக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆள் பிழைத்துவிட்டார்.

ராத்திரி வெளியே வராந்தாவில் அவள் மெல்லக் கேட்டாள்.

"நான் சிரிச்சதப் பாத்தியாட்டி?"

"நீ எப்ப சிரிச்ச? நான் பாக்கல" என்றேன்.

அவள் நம்பினாளா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. மறுபடி அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

மறுநாள் அவள் அப்பாதான் என் அம்மாவை லாஞ்சில் ஏற்றிக்கொண்டு வந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தோம். முன்னால் அவர் வருகிறார், பின்னால் முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டு அம்மா. முழுசாக, இரண்டு காலில் நடந்து வருகிற தன் அப்பாவைப் பார்த்தும் அவள் அவரிடம் ஓடவில்லை. அவரைத் தாண்டிப் போய் என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமா நல்லா இருக்காவ அத்தை, பேசினாவ என்று சொல்லிக் கூட்டிவந்து அப்பா கட்டிலருகே விட்டாள். பிறகு அவளைக் காணவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் பக்கம் போனேன். கீழே நின்றிருந்த ஒரு லாரிக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடமென்று நினைத்து, அவள் தன் அப்பாவின் சட்டையை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தாள். நேற்று அழாத அழுகை எல்லாம் சேர்ந்து வந்துவிட்டது போலிருக்கிறது. அவர் ஒன்றும் புரியாமல் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். என் அப்பா கால் போய்க் கிடக்கிற அந்த நேரத்தில், அந்த மனிதருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று எனக்கும் சந்தோஷமாக இருந்தது. நான் ஜன்னலை விட்டு நகர்ந்துவிட்டேன்.

அப்பா அதற்கப்புறமும் கட்டைக்காலோடு வெகுகாலம் இருந்தார், பேரன் பேத்தி எடுத்தார். எனக்கு இப்போது வயதாகிவிட்டது. பிள்ளைகள் பிரயாணம் போகிறார்கள், யாராவது ஒருத்தர் ஆஸ்பத்திரியில் படுக்கிறார்கள், சாமி முன்னால் நிற்கத்தான் வேண்டியிருக்கிறது. ஆனால் 'எங்க வீட்டு ஆளா இருக்கக் கூடாது' என்று கேட்க மட்டும் அந்த மேட்டு ரோட்டுக்குப் பிறகு எனக்கு வாய் வருவதில்லை. யாருக்கும் வேண்டாம் என்றுதான் கேட்கிறேன்.