ஆதாரப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்ட பெயர்கள்

என் ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களை மாற்றியது என் ஆய்வு வழிகாட்டியான நீங்கள்தான், மேடம். பழியை என்மேல் போட்டதும் நீங்கள்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன் நெய்வேலியில் நடந்தது இது. அப்பாவுக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை, டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். நான் முதுகலை கடைசி வருடம். சுரங்கத்துக்காக ஊர் மாறிய குடும்பத்துப் பெண்களைப் பற்றி ஆய்வு. முத்தாண்டிக்குப்பம் பக்கம் பஸ்ஸில் போய்ப் பலரிடம் பேசினேன். முந்திரி உடைத்துக்கொண்டே பேசிய ஒரு அம்மா, நான் கிளம்பும்போது கேட்டார்.

"எல்லாரும் வந்து எழுதிக்கினு போறாங்க. பட்டாவுலதான் எம்பேரு இல்ல. உன் புக்குலயாவது வருமா, பாப்பா?"

"கண்டிப்பா வரும்மா" என்றேன்.

ஆதாரப் பட்டியலை விதிப்படிதான் தயாரித்தேன். புத்தகங்கள் ஆசிரியர் பெயரின் அகர வரிசையில். அதற்குக் கீழே பேட்டி கொடுத்தவர்களின் பெயர், ஊர், பேசிய தேதி. வகுப்பில் நீங்கள் சொல்லிக்கொடுத்த முறைதான். எங்கள் துறையில் எல்லோருக்கும் ஒரே கடையில்தான் பிரிண்டும் பைண்டிங்கும். பிரதிகள் கடையிலிருந்து நேராகத் துறைக்குப் போய்விடும்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூர்ப் பேராசிரியர் வந்திருந்தார். பட்டியலில் ஒரு ஆங்கிலப் புத்தகத்தைக் காட்டி, "இதுல என்ன சொல்லியிருக்காங்க?" என்றார். எட்டிப் பார்த்தேன். அந்தப் புத்தகத்தை நான் கண்ணால்கூடக் கண்டதில்லை. நான் எழுதிய பெயர்கள் ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் இருந்த நீங்கள் சிரித்தீர்கள். "இந்தக் காலத்துப் பசங்க இப்படித்தான் சார், எங்கேயாவது எடுத்து ஒட்டிடுதுங்க."

பேராசிரியர் சிரிக்கவில்லை. "அப்ப நீ யார்கிட்டம்மா கேட்ட?" என்றார். ஒவ்வொரு பெயரையும் ஊரையும் சொன்னேன். ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். "எழுதிக் குடு. இதையும் சேர்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன்."

தேறிவிட்டேன். நேராகக் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன்.

"என்கிட்ட ஏம்மா கத்துற?" என்றார் கடைக்காரர். "முந்திரி உடைக்கிறவங்கள்லாம் ஆதாரமா, அதை எடுத்துட்டு வழக்கமானதைப் போடுன்னு மேடம்தான் போன் பண்ணாங்க. வருஷா வருஷம் எல்லாருக்கும் அதே லிஸ்ட்டுதான். யாரும் படிக்க மாட்டாங்க. நீ மாட்டிக்கின."

நான் கையால் எழுதிய தாள் துறையின் பிரதியில் மட்டும் இருக்கிறது. நூலகப் பிரதியில் இல்லை. என் பிரதியிலும் இல்லை. அந்தப் பிரதியை எடுத்துக்கொண்டு அந்த அம்மாவின் முன்னால் எப்படிப் போய் நிற்பது? இன்றுவரை போகவில்லை. அவர் பேசியதை வைத்துத்தான் நான் பட்டம் வாங்கினேன் என்பது மட்டும் மறக்கவில்லை.

மேடம், இந்த வருட மாணவர்களுக்கும் பட்டியல் போடச் சொல்லித் தருவீர்கள். அவர்கள் முன்னால் நின்று பதில் சொல்லுங்கள்: அந்த அம்மாவின் பெயரை ஏன் எடுத்தீர்கள்?