மழை மட்டும் வரைந்தவர்

இன்று பிரிக்பீல்ட்ஸில் எங்கள் சின்ன நூலகத்துக்குக் கிள்ளானிலிருந்து ஓர் அக்கா வந்தார். கையில் ஒரு தமிழ் காமிக்ஸ் புத்தகம்.

"தம்பி, கம்ப்யூட்டர்ல இந்த புக்குக்கு ரெண்டு பேரு மட்டும்தான் போட்டிருக்கு. என் பேரு இல்லையே?"

அட்டையைப் பார்த்து எழுத்தாளர், ஓவியர் என்று இருவரை மட்டும் பதிந்தவன் நான்தான்.

"நீங்க என்னக்கா செஞ்சீங்க?"

"ஆளுங்கள எல்லாம் அந்த ஓவியரு வரைஞ்சாரு. நான் மழை மட்டும்தான் லா."

புரட்டினேன். பந்திங் ஊரின் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் நடக்கும் கதை. முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை மழை. தூறல், சாரல், தகரக் கூரையைப் பிய்த்தெறியும் மழை. ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. பின்னட்டைக்குள் பொடி எழுத்தில் அவர் பெயரும் இருந்தது.

கணினி தரும் பங்களிப்புப் பட்டியலில் மை தீட்டியவர் உண்டு, வண்ணம் சேர்த்தவர் உண்டு, வசனத்தைக் கட்டத்துக்குள் எழுதியவர்கூட உண்டு. மழைக்கு இடமில்லை. குறிப்புப் பகுதியில் "மழை" என்று தட்டி, பக்கத்தில் அவர் பெயரைச் சேர்த்தேன்.

அக்கா புத்தகத்தைப் புரட்டி ஒரு பூனையைக் காட்டினார்.

"தம்பி, இந்தப் பூனை என் தங்கச்சி வரைஞ்சது. அதையும் போடுவீங்களா?"

பூனை ஒரே ஒரு கட்டத்தில்தான் வருகிறது. ஆனால் நல்ல பூனை.

நூலக நண்பர்களே, போடட்டுமா?