பல் டாக்டர் பார்த்த ராணுவப் படம்

இன்று செங்கம் ரோட்டில் ஒரு பல் டாக்டரிடம் போயிருந்தேன். மரத்துப்போக ஊசி போட்டு, வாயில் பஞ்சை வைத்த பிறகுதான் அந்த டாக்டரம்மா கேட்டார்.

"அந்த மிலிட்டரி படம் பாத்தீங்களா சார்?"

அதன் திரைக்கதை நான் எழுதியது. தலையை மட்டும் ஆட்டினேன்.

"லீவு முடிஞ்சு புருஷன் கிளம்புறான். பொண்டாட்டி சிரிச்சிக்கினே திலகம் வெச்சு அனுப்புறா. எழுதுனவன் பட்டாளத்துக்காரன் வீட்டை பாத்திருப்பானா?"

நான் எழுதியதில் அவள் அவனுடைய பூட்ஸை ஒளித்து வைப்பாள். வீரனின் மனைவி அப்படிச் செய்யமாட்டாள் என்று இயக்குநர் அதை எடுக்கவே இல்லை.

சொல்ல வாயெடுத்தேன்.

"அசையாதீங்க சார்." மிஷின் ஓடியது.

"போன வாரம் பட்டாளத்துல இருக்குற என் தம்பி லீவு முடிஞ்சு காஷ்மீர் போனான். அவன் பொண்டாட்டி ஐடி கார்டை அரிசி டப்பாவுல போட்டுட்டா. வீடு பூரா தேடனோம். கிடைச்சப்புறம் ரெண்டு பேரும் பேசிக்கவே இல்ல. அப்படியே போயிட்டான்."

மிஷினை நிறுத்திவிட்டுப் பஞ்சை மாற்றினார்.

எழுந்ததும் "நான்தான் அந்தப் படத்தை..." என்று சொல்லப் பார்த்தேன். குழறல்தான் வந்தது.

"மரப்பு போற வரைக்கும் பேசாதீங்க சார்."

இப்போது வாய் சரியாகிவிட்டது. வியாழக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். ஊசி போடும் முன்பே உண்மையைச் சொல்லிவிடலாமா, பல் வேலை நல்லபடியாக முடியட்டும் என்று இருக்கலாமா? நீங்களே சொல்லுங்கள்.