பொது உயிரியல் என்றாள்

வியாழக்கிழமை மாலை நான்கு பத்துக்கு மகள் கல்லூரியிலிருந்து பேசினாள். உயிரியல் படிப்பின் மூன்றாம் ஆண்டுக்கு ஒரு பிரிவைத் தேர்ந்தெடுத்து ஐந்து மணிக்குள் பதிய வேண்டும். தோழிகள் நுண்ணுயிரியல், மரபியல் என்று போக, இவள் பொது உயிரியல் என்றாள்.

எனக்குப் பதறிவிட்டது. அதே படிப்பை முடித்த எங்கள் தெருப் பெண் நாமக்கல் ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள்.

"எல்லாத்துலயும் கொஞ்சம்னா ஒண்ணுலயும் இல்லைன்னு அர்த்தம் கண்ணு. நுண்ணுயிரியல் போடு. கோழிப்பண்ணை லேப்லயாவது வேலை கிடைக்கும்."

"அதில்லீங்கப்பா..."

"பொதுன்னு போட்டா ஊட்டுப் பக்கம் வராதே."

அதன்பின் அவள் குரல் இல்லை. எங்கள் கொல்லிமலையில் சிக்னல் போவது வழக்கம், அப்படித்தான் நினைத்தேன். சிக்னல் கிடைக்கும் மேட்டுப் பாறையில் ஏறி மறுபடி கூப்பிட்டேன். போனை அணைத்திருந்தாள். வெள்ளிக்கிழமையும் அப்படியே. மிளகு பறிக்க ஆட்கள் வந்தும் நான் பாறையை விட்டு இறங்கவில்லை. வராதே என்று சொன்ன வாய் இன்னும் கசக்கிறது.

"அங்கயே பாய் கொண்டாந்து போடட்டுங்களா?" என்று மனைவி கீழிருந்து கேட்டாள். அவளும் அழுதிருந்தாள்.

சனிக்கிழமை மதிய பஸ்ஸில் மகள் வந்தாள். வாசற்படி தாண்டாமல் பையோடு நின்றாள்.

"உங்களைக் கூப்பிடறதுக்கு முன்னாலயே பதிஞ்சுட்டேனுங்கப்பா. சொல்லத்தான் கூப்பிட்டேன், கேக்கறதுக்கு இல்லீங்க. எல்லாப் பாடமும் புடிச்சிருக்கு, எதை விடறதுன்னு எனக்குத் தெரியலை. இப்ப உள்ள வரட்டுங்களா?"