தெரியாது என்று சொல்ல வைத்தவர்

போன ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. என் மகளை வேலையை விட்டு நிறுத்தப் போவதாகப் போன் வந்தது. தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் தொழிற்சாலையில் பண்டல் தூக்கிக்கொண்டிருந்த நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மகள் எஸ்தருக்கு இருபத்து நான்கு வயது. பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குறைவு. தாயும் இல்லை. அவளைப் போன்றவர்களுக்கு அரசு அலுவலகத்தில் வேலை கொடுத்து, பக்கத்திலேயே ஒரு பயிற்சியாளரையும் வைத்துப் பழக்குகிறார்கள். எட்டயபுரம் பக்கம் இடம் கிடைத்தது. அட்டையின் நிறம் பார்த்துக் கோப்புகளை அடுக்க வேண்டும். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வார்கள். எனக்குப் பிறகு இவள் எப்படிப் பிழைப்பாள் என்று தவித்த எனக்கு, அந்த ஒரு வேலைதான் நம்பிக்கை.

உடனே கிளம்பினேன். பஸ்ஸில் ஜெபிக்க வார்த்தை வரவில்லை. வெளியே கரிசல் காடு மழையில்லாமல் வெடித்துக் கிடந்தது. "ஆண்டவரே, என்னால ஒண்ணும் முடியாது" என்று மட்டும் சொல்லிக்கொண்டே போனேன்.

அலுவலகத்துக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. எஸ்தரிடம் அடுக்கக் கொடுத்த, ஒரு விதவையின் பென்ஷன் கோப்பை இரண்டு நாளாகக் காணவில்லை. அந்த அம்மா வாசலில் அழுதுகொண்டிருந்தார். எஸ்தர் மூலையில் நின்று நகத்தைக் கடித்தாள்.

"எதக் கேட்டாலும் இவ 'சரி'ங்கா, அண்ணாச்சி. இந்த ஆபீசயே எழுதிக் குடுன்னாலும் 'சரி'ம்பா போல" என்றார் குமாஸ்தா. இரண்டு பேர் சிரித்தார்கள்.

பயிற்சியாளர் செல்வி டீச்சர் சிரிக்கவில்லை. "எஸ்தர், தெரியலன்னா என்னையக் கேளுன்னு சொன்னேம்லா?"

"சரி டீச்சர்" என்றவள் என்னைப் பார்த்தாள்.

முதல் நாள் அனுப்பும்போது நான்தான் சொன்னேன்: "யாரு என்ன கேட்டாலும் சரின்னு சொல்லு. தெரியாதுன்னா வேலைய விட்டு அனுப்பிருவாவ." நானும் அப்படியே பிழைத்தவன். ஐந்தாம் வகுப்புப் படிப்பு. புரியாத தாளிலும் தலையாட்டிக் கையெழுத்துப் போடுவேன்.

"நீங்க என்ன சொல்லுதீய?" என்று அதிகாரி கேட்டார்.

நாலு பேர் முன்னால் பேசியே பழகாதவன் நான். உள்ளுக்குள் ஆண்டவரைக் கூப்பிட்டேன். வாய் திறந்தது.

"சார், பிள்ள மேல தப்பில்ல. தெரியாதுன்னு சொல்லக்கூடாதுன்னு நாந்தான் பழக்கிட்டேன்." அழுகை வந்துவிட்டது. மகளிடம் திரும்பினேன். "தெரியலன்னா சொல்லிரும்மா. அப்பாவுக்கும் நெறைய தெரியாது."

எஸ்தர் வாயிலிருந்து விரலை எடுத்தாள். பிறகு, "அட்டை கிழிஞ்சி போச்சு. நெறமே இல்ல. எங்கன வைக்கன்னு தெரியாது" என்றாள். அவளாகவே நடந்து போய், அலமாரிக்குப் பின்னால் ஒளித்திருந்த கோப்பை எடுத்து வந்தாள்.

அன்று அவளை அனுப்பவில்லை. டீச்சரோடு இன்னும் மூன்று மாதம் இருக்கட்டும் என்றார்கள். இப்போது ஒரு நாளைக்குப் பத்துத் தடவை "தெரியாது" என்கிறாளாம். "ஏட்டி, நீ கேக்குததெல்லாம் எனக்கே தெரியாதுட்டி" என்கிறாராம் அதே குமாஸ்தா.

வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆகுமா என்றால், தெரியாது. ஆனாலும் இதுவரை நடத்தின ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். எனக்குப் புரியாத தாளை இப்போது வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்கிறேன்.

ஜெபிக்க வார்த்தை கிடைக்காமல் யாராவது உட்கார்ந்திருந்தால், நல்ல வார்த்தைக்காகக் காத்திருக்க வேண்டாம். தெரியாது, முடியாது என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் நம்மை அனுப்பிவிட மாட்டார்.