நாலு பேருக்கு மட்டும் வழி

முத்துலட்சுமி எங்கள் கடையின் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர். தியாகராய நகரில் மூன்று மாடி ஜவுளிக்கடை, கோயம்புத்தூரிலும் மதுரையிலும் கிளைகள். மேல்மாடியில் கொள்முதல் பிரிவில் எனக்கு வேலை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவருடைய மேசை. 1999-ல் நடந்ததில் பாதியை நானே பார்த்தேன். மீதியை அவர் பின்னால் சொன்னார், ஒரே தடவை.

ராயப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். பாலிடெக்னிக் முடித்து, மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் படித்து, பில் போடும் பெண்ணாகக் கடைக்குள் வந்து, எட்டு வருடத்தில் அந்தப் பிரிவையே கையில் எடுத்துக்கொண்டவர். கணவர் பிரபு எலக்ட்ரீஷியன். கல்யாணம், கோயில் விழா என்று சீரியல் விளக்கு கட்டுவார். 1996-ல் ஒரு பந்தல் மூங்கிலிலிருந்து விழுந்தார். முதுகெலும்பில் அடி. கைகள் நன்றாக இருந்தன. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் புண் வந்துவிடும் என்றார் டாக்டர். பகலில் பக்கத்து வீட்டு சுப்பம்மா வந்து புரட்டுவார். அந்த அம்மாவுக்கு அறுபது வயது. அவர் வர முடியாத நாட்களில் முத்துலட்சுமி மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு பஸ் பிடித்து ஓடுவார். மூன்று வருடம் அப்படி ஓடினார்.

கிளைகளின் இருப்புக் கணக்கு உடனுக்குடன் தெரிய வேண்டும் என்று முதலாளி ராகவேந்திரன் அந்த வருடம் கேட்க ஆரம்பித்தார். அதுவரை வெளியூருக்கு எஸ்.டி.டி. போன் போட்டு வாயால் சொல்லிக்கொண்டிருந்தோம். முத்துலட்சுமி ஒரு யோசனை சொன்னார். வி.பி.என். சர்வர் என்று ஒன்றை இங்கே வைத்தால், கிளைகளில் இருப்பவர்கள் உள்ளூரிலேயே இணையத்துக்கு டயல் செய்து, அதற்குள்ளேயே நமக்கு மட்டுமான ஒரு பூட்டிய வழியில் இங்கே வந்து சேரலாம். வெளியாள் எவனும் எட்டிப் பார்க்க முடியாது.

"இதைச் செஞ்சு முடிச்சா சர்வரை என் வீட்டிலேர்ந்தே பாத்துக்க முடியும் சார். வாரத்துல நாலு நாள் வீட்டிலேர்ந்து வேலை செய்ய விடுங்க. வேற எதுவும் கேக்கல."

ராகவேந்திரன் ஒத்துக்கொண்டார். "கடை நிக்கக் கூடாது. அவ்வளவுதான்" என்றார்.

முத்துலட்சுமி தடித்த ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டு மூன்று வாரம் உட்கார்ந்தார். சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. ஒவ்வொரு கிளைக்கும் பெயர், பாஸ்வேர்டு. உள்ளே வருபவருக்கு எந்த முகவரி, எதைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது. ஒரே நேரத்தில் எத்தனை பேர் வரலாம் என்று திரையில் ஒரு பெட்டியில் நிரப்ப வேண்டும். கோவைக்கு இரண்டு, மதுரைக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று எண்ணி நாலு போட்டார். பெருக்குகிறவர்கள் விசிறி போடுவதற்காக சர்வரின் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறார்கள் என்று சண்டை போட்டு, அந்த அறைக்கு ஒரு பூட்டும் வாங்கிப் போட்டார். சாவி அவருடைய கைப்பையில்.

கடையிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரும் மோடமும், மோடமுக்கென்று ஒரு தனி போன் லைனும் ராயப்பேட்டை வீட்டுக்குப் போயின. ஜூன் மாதம் ஒரு காலையில் சர்வரின் திரை அவர் வீட்டுத் திரையில் வரி வரியாக வந்து நின்றது. கட்டிலிலிருந்து பிரபு எட்டிப் பார்த்தாராம்.

"இன்னா லட்சு, ஊட்ல குந்திக்கினே மதுரைய தொறந்துட்ட!"

அதற்குப் பின் வந்த நாலு மாதம்தான் அவர்கள் இருவரும் நிம்மதியாக இருந்தது. பிரபுவின் முதுகுப் புண் ஆறியது.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு. கடையில் நிற்க இடமில்லை. பதினோரு மணிக்கு மதுரைக் கிளை மேலாளர் முத்துலட்சுமியின் வீட்டுக்கு போன் செய்தார். அன்று கூட்டம் தாங்காமல் புதிதாக ஒரு கவுண்டர் போட்டிருந்தார்கள்.

"மேடம், இந்த மிஷினை மட்டும் உள்ளயே விடமாட்டேங்குது. ஆளுங்க வரிசைல நிக்கிறாங்க, சீக்கிரம் பாருங்க."

முத்துலட்சுமிக்குக் காரணம் உடனே புரிந்தது. நாலு இடமும் நிரம்பியிருந்தது. அவர் சர்வருக்குள் போய் நாலை எட்டாக்கினார். மாற்றம் நடப்புக்கு வர சர்வரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். கிளைகளுக்குச் சொல்லிவிட்டுச் செய்தார். மூன்று நிமிடத்தில் திரும்ப வர வேண்டிய சர்வர் வரவில்லை. பத்து நிமிடம் ஆயிற்று. இப்போது அதுவரை ஓடிக்கொண்டிருந்த கோவை, மதுரைக் கவுண்டர்கள் மூன்றும் நின்றுவிட்டன.

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. முந்தின நாள் மாலை கடையில் இருந்தபோது சர்வரில் ஒரு ஃபிளாப்பியைப் போட்டு எதையோ பதிந்தார். அதை வெளியே எடுக்கவில்லை. உள்ளே ஃபிளாப்பி இருந்தால் சர்வர் அதிலிருந்து கிளம்பப் பார்க்கும். முடியாமல், யாராவது ஒரு விசையைத் தட்டட்டும் என்று அப்படியே நிற்கும். ராயப்பேட்டையிலிருந்து அதைத் தட்ட முடியாது.

கடைக்கு போன் போட்டார். மாடிக் காவலாளி அப்துல் வஹீத் எடுத்தார்.

"ரூம் பூட்டிக்கினு கீது மேடம். சாவி உங்களாண்டதானே? பூட்ட ஒடச்சிடட்டா?"

தானே கேட்டு வாங்கிய பூட்டு. "வேணாம் பாய். நானே வந்துடறேன். நாப்பது நிமிஷம்" என்றார்.

சுப்பம்மா புடவை வாங்க மகளோடு போயிருந்தார். முத்துலட்சுமி பிரபுவைப் புரட்டிப் படுக்க வைத்து, தண்ணீர்ச் சொம்பைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தார்.

"நீ போய்ட்டு வா. நான் எங்க எய்ந்து ஓடப்போறேன்?" என்றார் பிரபு.

ஆட்டோ பாண்டிபஜார் முனையிலேயே நின்றுவிட்டது. அங்கிருந்து நடை. நடை என்று சொல்ல முடியாது, கூட்டம் தள்ளிக்கொண்டு போனது. அவர் மாடிக்கு வந்தபோது நான் பார்த்தேன். புடவைத் தலைப்பு கிழிந்திருந்தது. பூட்டைத் திறந்து, ஃபிளாப்பியை எடுத்து, ஒரு விசையைத் தட்டினார். சர்வர் எழுந்தது. மதுரையின் புதுக் கவுண்டரும் உள்ளே வந்தது. அந்த வேலைக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. திரும்பிப் போக ஆட்டோ கிடைக்காமல், பாதி தூரம் ஓடியிருக்கிறார்.

வீட்டை விட்டுக் கிளம்பி மூன்று மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தார். பிரபு தரையில் கிடந்தார். சொம்பு உருண்டு தண்ணீர் காய்ந்திருந்தது. தண்ணீரை எடுக்கத் திரும்பியவர் கட்டிலிலிருந்து விழுந்திருக்கிறார். வலது தொடை கோணலாக மடங்கியிருந்தது.

"அய்வாத லட்சு. எனக்கு ஒண்ணியும் இல்ல. வலிக்கவே இல்ல" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னாராம்.

எலும்பு உடைந்திருந்தது. அவருக்கு வலிக்க வழியில்லை. பிறகு ஆஸ்பத்திரி, ஆபரேஷன், மறுபடி புண், காய்ச்சல். டிசம்பர் இரண்டாம் வாரம் பிரபு இறந்துபோனார்.

காரியம் முடிந்து முத்துலட்சுமி வேலைக்குத் திரும்பிய அன்று ராகவேந்திரன் அவர் மேசைக்கே வந்தார். நல்ல மனிதர்தான். "எவ்வளவு நாள் வேணும்னாலும் வீட்டிலேர்ந்தே பாருங்கம்மா" என்றார்.

"வீட்ல யார் சார் இருக்காங்க?" என்று கேட்டார் முத்துலட்சுமி. அந்த வாரமே அவர் வீட்டுக் கம்ப்யூட்டரைக் கடைக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்.

பொங்கல் கழிந்து ஒரு நாள், சாப்பாட்டு நேரத்தில், டிபன் டப்பாவைத் திறக்காமல் என்னிடம் பேசினார். அந்த ஞாயிறு யார் யார் உள்ளே இருந்தார்கள் என்று சர்வர் எழுதிவைத்த பதிவை அவர் எடுத்துப் பார்த்திருந்தார்.

"கோவை ரெண்டு, மதுரை ஒண்ணு. நாலாவது நான். நான் வெளிய வந்திருந்தாலே அந்த எடம் மதுரைக்குக் கெடச்சிருக்கும். எதையும் மாத்தியிருக்கவே வேணாம். எனக்குத் தோணவே இல்ல."

அப்படி யாருக்குமே தோன்றியிருக்காது என்று சொன்னேன். அவர் தலையசைத்தார், என்னைச் சமாதானப்படுத்துவதற்காக. பிறகு எழுந்து போய்க் கை கழுவினார். சாப்பிடவில்லை.

பிரபுவைத் தனியாக விட்டுப் போனதற்காக சுப்பம்மா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டதாகக் கேள்வி. முத்துலட்சுமி ராயப்பேட்டை வீட்டைக் காலி செய்துவிட்டு கே.கே. நகரில் ஒரு தனி அறைக்குப் போனார். ஞாயிறு உட்பட எல்லா நாளும் கடை திறப்பதற்கு முன்பே வந்துவிடுவார். நான் 2001-ல் வேறு வேலைக்குப் போகும்வரை அவர் ஒரு நாள்கூட விடுப்பு எடுத்து நான் பார்க்கவில்லை. விடைபெறப் போனபோது கோயம்புத்தூரோடு போனில் இருந்தார். கையை மட்டும் உயர்த்தினார்.